குழாய்க்கு மேலே ஒரு படம்

காலை ஷிப்டுக்கு வந்த பெண்கள் கை கழுவும் அறையில் நின்று, குளிர் தாங்காமல் கால் மாற்றிக் கால் வைத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே மலைச்சரிவில் உறைபனி இன்னும் உருகவில்லை. குழு முழுவதும் கழுவி முடித்தால்தான் உள் கதவைத் திறப்பார்கள். எல்லோரும் எப்போதோ முடித்துவிட்டார்கள். கடைசிக் குழாயில் மட்டும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அங்கே மொசெலாஞ்சா நின்றாள்.

சோப்பைப் போட்டாள், விரல் இடுக்கைத் தேய்த்தாள், அலசினாள். குழாயை மூடப் போன கை பாதியில் நின்றது. மறுபடியும் சோப்பை எடுத்தாள்.

"இவ கையக் கழுவுறாளா, கரைக்கிறாளா?" என்றாள் லிமாக்கா. எப்போதும் வாய்த்துடுக்கு அவளுக்கு. "நாளைக்கு வரும்போது வெறும் மணிக்கட்டோட வந்து நிப்பா பாரு!"

பெண்கள் சிரித்தார்கள். சூப்பர்வைசர் மாதூசோவுக்குச் சுள்ளென்று வந்தது.

"வாய மூடுடி லிமாக்கா. உன் நகத்துல இருக்கிற அழுக்குல ஒரு பாத்தி உருளைக்கிழங்கு போடலாம். பேச வந்துட்டா! அவளப் பாத்துக் கத்துக்கோ. மேல படத்தப் பாரு."

குழாய்களுக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் பெரிய படம் ஒன்று மாட்டியிருந்தது. சோப்பு நுரைக்குள் இரண்டு கைகள். கீழே கொட்டை எழுத்தில் 'இந்தக் கைகளைப் போல' என்று அச்சடித்திருந்தார்கள். அவை மொசெலாஞ்சாவின் கைகள்தான். படம் எடுத்தபோது தோல் நன்றாக இருந்தது. இப்போது அதே கைகள் படத்துக்கு நேர் கீழே நின்று, விரல் மூட்டுகளில் பிளந்து, நுரையை இளஞ்சிவப்பாக்கிக்கொண்டிருந்தன. தலையை நிமிர்த்திப் படத்தைப் பார்த்தவர்களில் ஒருத்திகூடக் குனிந்து கையைப் பார்க்கவில்லை.

அந்தக் கம்பெனி மருந்துக் கஞ்சா வளர்க்கும் கம்பெனி. லெசோத்தோவின் மலைகளில் தாத்தன் காலத்திலிருந்து மக்காச்சோளத்துக்கு நடுவே ஒளித்து வளர்த்த அதே செடிதான். வேலிக்கு வெளியே வளர்த்தால் போலீஸ் பிடிக்கும். வேலிக்கு உள்ளே பசுமைக்குடிலில் வளர்த்தால் விமானம் ஏறி வெளிநாட்டு மருந்துக்கடைக்குப் போகும். போகிற பூவில் ஒரு முடி, ஒரு தூசி, ஒரு கிருமி இருக்கக்கூடாது. அதனால் உள்ளே நுழைபவர்கள் உடை மாற்றி, தலைக்கு வலை போட்டு, கையைத் தேய்த்துக் கழுவ வேண்டும். மற்றவர்கள் விதிக்குப் பயந்து கழுவினார்கள். மொசெலாஞ்சா வேறு எதற்கோ பயந்து கழுவினாள். அந்த வித்தியாசம் யாருக்கு வேண்டும்? கம்பெனிக்கு வேண்டியது சுத்தமான கை. அது கிடைத்தது. தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள்.

கம்பெனியை மட்டும் திட்டி என்ன பயன்? ஞாயிற்றுக்கிழமை கோயிலிலும் இதே கதைதான். நீல அங்கியும் வெள்ளை அங்கியும் போட்டு, ஜெபித்த தண்ணீரைத் தெளித்துப் பிணி போக்கும் சபை அது. மொசெலாஞ்சா ஓயாமல் கழுவுவதைக் கேள்விப்பட்ட சபைத் தாயார், "உன்னைத் தண்ணீர் கூப்பிடுது மகளே, நீ தேர்ந்தெடுக்கப்பட்டவ" என்று சொல்லி அவள் கையில் தண்ணீர்க் குடத்தையே கொடுத்துவிட்டாள். தண்ணீரிலிருந்து தப்பிக்க வழி தேடியவளைத் தண்ணீருக்கே பூசாரி ஆக்கினார்கள்.

மொசெலாஞ்சா என்றால் நாய்வால் என்று அர்த்தம். அவளுக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போனதால், எமன் கண்ணில் பட்டாலும் வேண்டாமென்று விட்டுவிடட்டும் என்று வைத்த பெயர். எமன் விட்டுவிட்டான். ஊர் விடவில்லை.

மாதூசோவுக்கு அவள் தம்பி பெண்டாட்டி. தம்பி மொகேட்டே எல்லைக்கு அந்தப் பக்கம் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தான், மாதக் கடைசியில் வந்து போவான். அண்ணி என்று அவள் அழைக்கும் நாத்தனாரும் அவளும் ஒரே முற்றத்தில் இரண்டு வீட்டில் இருந்தார்கள். அவளைக் கம்பெனியில் சேர்த்துவிட்டது மாதூசோதான். அந்தக் கைகளுக்குப் பேர் வந்தபோது, சேர்த்துவிட்டவளுக்கும் பேர் வந்தது. சூப்பர்வைசர் பச்சைத் தொப்பி தலையில் ஏறியது அதற்குப் பிறகுதான். இதை மாதூசோ வெளியே சொல்லிக்கொண்டதில்லை.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து இருவரும் முற்றத்துக்கு வந்தபோது, மொசெலாஞ்சாவின் மகள் புலெங் பக்கத்து வீட்டிலிருந்து ஓடி வந்தாள். இன்னும் பள்ளிக்கூடம் போகாத குழந்தை. தாயைப் பார்த்ததும் ஓட்டம் தானாக நின்றது. கொஞ்ச தூரத்திலேயே நின்று, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, பழகிவிட்டது.

"அம்மா இன்னும் கழுவலடா கண்ணு," என்றாள் மொசெலாஞ்சா, கைகளைக் காற்றில் தூக்கிப் பிடித்தபடி. "கிட்ட வராத."

குழந்தை சுற்றிப் போய் அத்தையின் காலைக் கட்டிக்கொண்டது.

"பெத்தது நீ, தூக்குறது நானா?" மாதூசோ குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "எத்தன நாளாச்சு நீ இவளத் தூக்கி? கம்பளியும் போர்த்த மாட்டேங்கிற. இந்தக் குளிர்ல கம்பளி இல்லாம திரியிறவள ஊரே பைத்தியம்னு பாக்குது."

"கம்பளியத் தினம் துவைக்க முடியாதே அண்ணி."

"தினம் துவைக்கணும்னு எவ சொன்னா?"

மொசெலாஞ்சா சுற்றிலும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு, குரலை இறக்கிச் சொன்னாள். "அண்ணி, என் கை சுத்தமாத்தான் இருக்கு. அது எனக்குத் தெரியும். ஆனா உள்ளேர்ந்து ஒண்ணு, இல்ல இல்லன்னு சொல்லிக்கிட்டே இருக்கு. அந்தக் கையால தொட்டா புள்ள செத்துப்போகும்னு சொல்லுது. கழுவினா கொஞ்சம் வாய மூடுது. அப்புறம் மறுபடி ஆரம்பிக்குது. எனக்கு முடியல அண்ணி. என்னமோ ஆயிருச்சு எனக்கு."

ஒரு மனுஷி தன் நோயை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா? டாக்டருக்குப் படித்தவனும் இப்படிச் சொல்ல மாட்டான். மாதூசோவின் காதில் அது விழுந்தது. விழுந்ததை அவள் எடுத்துக்கொள்ளவில்லை.

"அசதிடி. தூங்கி எந்திரிச்சா சரியாயிடும்," என்றாள். "வெள்ளிக்கிழமை வெளிநாட்டு ஆளுங்க வர்றாங்க. உனக்குத்தான் பரிசு. மேனேஜர் சொல்லிட்டார். மூஞ்சிய நல்லா வச்சுக்க."

வெள்ளிக்கிழமை பசுமைக்குடில்களுக்கு முன்னால் பந்தல் போட்டார்கள். எல்லோரும் மரியாதையாக ந்தாத்தே செயபாட்டா என்று அழைக்கும் மேனேஜர், கோட்டுக்கு மேல் கம்பளி போர்த்து, அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தார். வந்தவர்களில் ஒருவர் டாக்டர். உயரமான வெள்ளைக்காரர், நல்ல மனிதர் போலத்தான் தெரிந்தார். அவர் பேசப் பேச, செயபாட்டா சொந்த மொழியில் மாற்றிச் சொன்னார்.

"நீங்க வளர்க்கிற இந்தச் செடி வலிக்கு, வலிப்புக்கு எல்லாம் போகுது. இப்ப இன்னொரு நோய்க்கும் ஆராய்ச்சி பண்றாங்க. மனசு சம்பந்தப்பட்ட நோய். அது வந்தவங்களுக்கு ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வரும். கை சுத்தமா இருக்குன்னு தெரியும், ஆனாலும் கழுவுவாங்க. தோல் உரிஞ்சாலும் நிறுத்த முடியாது. பெத்த புள்ளையத் தொடப் பயப்படுவாங்க."

மாதூசோ சட்டென்று திரும்பிப் பார்த்தாள். முதல் வரிசையில் மொசெலாஞ்சா வாயைப் பாதி திறந்தபடி டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் தனக்கு மட்டும் என்று நினைத்திருந்ததை, கடல் கடந்து வந்த ஒருவர் மைக்கில் சொல்கிறார்!

டாக்டர் அதோடு முடிக்கவில்லை. "இது உதவுமா என்று எங்களுக்கு இன்னும் தெரியாது. நடந்தவை எல்லாம் சின்னச் சின்ன ஆய்வுகள். பலன் உறுதியாகவில்லை" என்றும் சொன்னார். அதை மொழிபெயர்க்கும்போது செயபாட்டாவுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது போலிருக்கிறது. அந்த வாக்கியத்தை அப்படியே விழுங்கிவிட்டு, கைகளை விரித்து, "அந்த நோயை நம்ம செடி குணமாக்குது!" என்று முழங்கினார். கைதட்டல் பந்தலைத் தூக்கியது. மாதூசோவும் தட்டினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

அடுத்து பரிசு. இந்த மலையில் ஒருவரைப் பெரிதாக மதிக்க வேண்டுமென்றால் கம்பளி போர்த்துவார்கள். பிறந்தால் கம்பளி, கல்யாணத்துக்குக் கம்பளி, ராஜாவுக்கும் கம்பளி. போர்த்தியதைத் தள்ளுவது, போர்த்தியவர் முகத்தில் துப்புவதற்குச் சமம். செயபாட்டா புதுக் கம்பளி வாங்கவில்லை. கூட்டத்தின் முன்னால் பெருந்தன்மை காட்ட ஆசைப்பட்டு, தன் தோளில் கிடந்ததையே எடுத்து, "நம்ம கம்பெனியின் சுத்தமான கைகளுக்கு!" என்று மொசெலாஞ்சாவின் தோளில் போர்த்தினார்.

ஊரெல்லாம் திரிந்த கம்பளி. வியர்வையும் புகையிலையும் வண்டிப் புழுதியும் ஏறிய கம்பளி. அவள் உடம்பு முழுக்க நடுங்கியது. சிரிக்கத்தான் முயற்சி செய்தாள். நிஜமாகவே முயன்றாள், மாதூசோ அதைப் பார்த்தாள். முடியவில்லை. "எடுங்க, எடுத்துடுங்க!" என்று கத்திக்கொண்டே கம்பளியை உதறித் தரையில் எறிந்துவிட்டு, கை கழுவும் அறைக்கு ஓடினாள்.

வயதான பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"என்ன ஆச்சு அந்தப் பெண்ணுக்கு?" என்று டாக்டர் கேட்டார்.

"கம்பளி ஒத்துக்காது அவளுக்கு, அரிப்பு," என்றார் செயபாட்டா, முகத்தில் சிரிப்பு மாறாமல். "வாங்க, சாப்பாடு ஆறிடும்."

டாக்டர் தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போனார். எந்த நோயைப் பற்றி இவ்வளவு நேரம் பேசினாரோ, அந்த நோய் ஒரு சுவருக்கு அப்பால் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு ரத்தம் சொட்ட நின்றது. ஆட்டிறைச்சி நன்றாக வெந்திருந்ததாக விருந்தினர்கள் பாராட்டினார்களாம்.

மத்தியானம் செயபாட்டா மாதூசோவைக் கூப்பிட்டார்.

"நாளையிலேர்ந்து அவ வேண்டாம். அந்தப் புண்ணுக் கைய வச்சுக்கிட்டு மருந்துப் பூவத் தொடக்கூடாது. அதுவும் இல்லாம, மூளை சரியில்லாதவ."

"அந்தக் கையத்தானே ந்தாத்தே படம் எடுத்து மாட்டினீங்க?"

"அப்ப நல்லா இருந்துச்சு."

மாதூசோ கோபத்தை அடக்கிக்கொண்டாள். "சரி. நீங்கதானே சொன்னீங்க, நம்ம செடி இந்த நோயக் குணமாக்குதுன்னு? அவளுக்கு அந்தச் செடி எண்ணெய் கொஞ்சம் குடுங்க. இங்கதானே பிழியிறோம், பீப்பாய் பீப்பாயா!"

செயபாட்டா சிரித்தார். "அது ஏத்துமதிக்கும்மா. நமக்கில்ல. ஒரு இதழ் வெளிய போச்சுன்னா நீ ஜெயில்ல, நான் தெருவுல. போய் வேலையப் பாரு."

மாதூசோ வெளியே வந்தாள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பச்சைப் பசேலென்று, விளக்கு வெளிச்சத்தில், செடிகள் வரிசையாக நின்றன. தண்ணீர், உரம், கதகதப்பு எல்லாம் அவற்றுக்கு நேரத்துக்குக் கிடைத்தன. பற்களைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

கம்பெனி தராவிட்டால் மலை தரும் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதில் ஆச்சரியமில்லை. மேல்சரிவில் ஆடு மேய்க்கும் சொந்தக்காரன் ஒருவன் மக்காச்சோளத்துக்குள் அதே செடியை வைத்திருந்தான். அவனிடம் ஒரு பொட்டலம் வாங்கி வந்து, பாலில் போட்டுக் கொதிக்க வைத்து, வடிகட்டி, மொசெலாஞ்சாவிடம் கொடுத்தாள்.

"குடி. பெரிய டாக்டரே சொன்ன மருந்து."

"நெசமாவா அண்ணி? இது போயிடுமா?"

"போயிடும்."

அந்தச் சாயங்காலம் மொசெலாஞ்சா சும்மா உட்கார்ந்திருந்தாள். குழாயடிக்கு ஓடவில்லை. அடுப்பு நெருப்பைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். புலெங் எதிரே வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றபோது, "வாடா" என்று கூடச் சொன்னாள். குழந்தை வரவில்லை, ஆனால் தாய் கூப்பிட்டாளே! மாதூசோவுக்குத் தரையில் கால் பாவவில்லை. கொஞ்சம் குடித்ததற்கே இவ்வளவு என்றால், இன்னும் கொஞ்சம் கொடுத்தால் ஒரேயடியாகத் தீர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பொட்டலத்தில் மிச்சமிருந்ததை எல்லாம் கொட்டிக் கொதிக்க வைத்தாள். மொசெலாஞ்சா குடித்தாள். மாதூசோ சுள்ளி பொறுக்க மேட்டுக்குப் போனாள். திரும்பி வரும் வழியில், ஓடைப் பக்கமிருந்து குழந்தை அலறும் சத்தம் கேட்டது.

சுள்ளியைப் போட்டுவிட்டு ஓடினாள். ஓடையின் ஓரங்களில் பனிக்கட்டி படிந்திருந்தது. நடுவில் இடுப்பளவு தண்ணீரில் மொசெலாஞ்சா நின்றாள். துணியில்லாமல் இருந்த குழந்தையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் மணலை அள்ளி அள்ளி அதன் உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. அலறல் விம்மலாகிக்கொண்டிருந்தது.

"விஷம் அண்ணி! என் கையிலேர்ந்து புள்ளைக்கு ஏறிடுச்சு! பாருங்க, போக மாட்டேங்குது! என் நெஞ்சு வெடிக்குது, நான் சாகறேன், இவளையாவது கழுவிடறேன்!"

மாதூசோ தண்ணீரில் பாய்ந்தாள். குழந்தையைப் பிடுங்கித் தன் கம்பளிக்குள் சுருட்டினாள். இன்னொரு கையால் மொசெலாஞ்சாவின் தலைமுடியைப் பிடித்துக் கரைக்கு இழுத்தாள். கோபத்தில் இழுத்தாளா, பயத்தில் இழுத்தாளா என்று அவளுக்கே தெரியாது. மூவரும் கரையில் விழுந்து கிடந்தார்கள். குழந்தைக்குச் சூடு ஏறி, அது மறுபடி வாய்விட்டு அழுத பிறகுதான் மாதூசோவுக்கு மூச்சு வந்தது.

மறுநாள் விடிந்ததும் மினிபஸ் பிடித்துத் தலைநகர் மாசேருவுக்குப் போனார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் இதுமெலெங் என்ற நர்ஸ் இருந்தாள். கட்டையான உருவம், கண்டிப்பான குரல். மொசெலாஞ்சா சொன்னதை எல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டாள். கைகளுக்குக் களிம்பு தடவிக் கட்டுப் போட்டாள். அவளைப் படுக்க வைத்துவிட்டு மாதூசோவை வெளியே கூட்டி வந்து பெஞ்சில் உட்கார வைத்தாள்.

"அந்தக் கஷாயத்த யார் குடுக்கச் சொன்னது?"

"வெளிநாட்டு டாக்டர் சொன்னார். இந்த நோயக் குணமாக்குதுன்னு மைக்ல சொன்னார்."

"எந்த டாக்டரும் அப்படிச் சொல்ல மாட்டார். ஆராய்ச்சி நடக்குதுன்னு சொல்லியிருப்பார். யார் மாத்திச் சொன்னது?"

மேனேஜரின் விரிந்த கைகள் மாதூசோவின் கண்ணில் வந்தன.

"கேளுங்கம்மா," என்றாள் நர்ஸ். "இந்த நோய்க்கு ஓ.சி.டி.ன்னு பேரு. கஞ்சா எடுத்தா கொஞ்ச நேரம் பரவாயில்லன்னு சில பேர் சொல்லியிருக்காங்க. நெசம்தான். அது கொஞ்ச நேரம்தான். வெறும் போலி மருந்து குடுத்தவங்களோட வச்சுப் பாத்தா பெருசா வித்தியாசம் தெரியல. சில பேருக்குப் பயம் பல மடங்கு ஏறும். நேத்து நீங்களே பாத்தீங்க. இதுல, மலையில வெளையிறதுல எவ்வளவு வீரியம்னு யாருக்கும் தெரியாது. நாளைக்கு அதுலேர்ந்து ஒரு மருந்து வரலாம், வரட்டும், நானே முதல்ல குடுக்கறேன். ஆனா வரலாம்னு சொல்றது வேற, வந்தாச்சுன்னு சொல்றது வேற."

"அப்ப இதுக்கு வைத்தியமே இல்லையா?"

"இல்லாம என்ன? மாத்திரை இருக்கு. பலன் தெரிய வாரக்கணக்கா ஆகும், பொறுத்துக்கணும். அதோட ஒரு பயிற்சி இருக்கு. பயப்படுற பொருளத் தொடணும், தொட்டுட்டுக் கழுவாம உக்காரணும். அந்தப் பயம் தானா எறங்குற வரைக்கும் உக்காரணும். கஷ்டம்தான். ஆனா நெறைய பேர் எந்திரிச்சு வந்திருக்காங்க." நர்ஸ் பேனாவை எடுத்தாள். "எப்போலேர்ந்து இப்படி?"

"போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலம்."

நர்ஸ் நிமிர்ந்தாள். "அவ்வளவு நாளாவா? அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா கை இப்படி ஆயிருக்காதே! ஒரே வீட்டுல இருக்கீங்க, ஒரே எடத்துல வேலை செய்றீங்க. இத்தன நாளா என்னதாம்மா பண்ணினீங்க?"

மாதூசோ கீழே பார்த்தாள். பச்சைத் தொப்பி மடியில் கிடந்தது.

"பரிசு குடுத்தோம்," என்றாள்.

நர்ஸ் குனிந்து சீட்டில் எழுதத் தொடங்கினாள்.

மாத்திரை உடனே ஒன்றும் செய்துவிடவில்லை. மொகேட்டே விடுப்பு எடுத்து வந்து, மனைவியின் கட்டுப்போட்ட கைகளைப் பார்த்து, முற்றத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனான். சபைத் தாயார் குடத்தோடு வந்தாள். மாதூசோ அவளை வாசலிலேயே நிறுத்தி, "தண்ணி இவளக் கூப்பிடல தாயே, கொன்னுக்கிட்டிருந்துச்சு" என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். பயிற்சி நாட்களில் மொசெலாஞ்சா அலறினாள், திட்டினாள், அண்ணியின் கையைக் கடித்தும் வைத்தாள். பெட்டியில் கிடந்த கல்யாணக் கம்பளியை முதலில் ஒரு விரலால் தொட்டாள். பிறகு மடியில் வைத்தாள். குளிர்காலம் போய்ப் பீச் மரங்கள் பூத்தபோது, அதைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் உட்கார முடிந்தது. நோய் போய்விடவில்லை. அது பேசிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அது சொல்வதையெல்லாம் அவள் செய்யவில்லை.

ஒரு காலை புலெங் மக்காச்சோளக் களி தின்றுகொண்டிருந்தாள். விரலெல்லாம் களி. மொசெலாஞ்சா எதிரே வந்து மண்டியிட்டு, தன் கையை நீட்டினாள்.

குழந்தை பழக்கதோஷத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டது.

"குடுடா கண்ணு," என்றாள் தாய். "அம்மா கழுவல. பரவாயில்ல. குடு."

புலெங் அத்தையைப் பார்த்தாள். அத்தை தலையசைத்தாள். களி ஒட்டிய சின்னக் கை மெல்ல முன்னால் வந்து, வடு நிறைந்த கையில் உட்கார்ந்தது. மொசெலாஞ்சாவுக்கு வியர்த்துக் கொட்டியது. "கழுவணும் போலிருக்கு அண்ணி," என்றாள். "தெரியும். உக்காரு," என்றாள் மாதூசோ. உட்கார்ந்தாள். பிடித்த கையை விடவில்லை. மாதூசோவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஒரு தாய் தன் பிள்ளையின் கையைப் பிடிக்க இத்தனை காலம் ஆக வேண்டியதில்லையே, அப்போதே காது கொடுத்துக் கேட்டிருந்தால்!

அந்த ஆத்திரத்தோடுதான் அன்று வேலைக்குப் போனாள்.

கை கழுவும் அறையில் புதிதாகச் சேர்ந்த பெண்கள் நின்றார்கள். படம் அதே இடத்தில் இருந்தது. கைக்குச் சொந்தக்காரியைத் துரத்திவிட்டுக் கையை மட்டும் வைத்திருந்தார்கள். செயபாட்டா அதைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா? இப்படித்தான் இருக்கணும். நல்லா, அழுத்தி, இன்னும் இன்னும்!"

ஒரு புதுப்பெண் மேனேஜர் பார்க்கிறாரே என்று பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்துக் கையைச் சிவக்க வைத்திருந்தாள். மாதூசோ நேரே போய் அவள் குழாயை மூடினாள். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, படத்தைக் கழற்றிக் கையில் எடுத்தாள்.

"ஏய், என்ன பண்ற?" என்றார் செயபாட்டா. "கம்பெனி சொத்து அது!"

"என் தம்பி பொண்டாட்டி கை இது. கம்பெனி சொத்து இல்ல."

"வேலை போயிடும் மாதூசோ."

"போகட்டும். சொல்லிட்டுப் போறேன்." அவள் பெண்கள் பக்கம் திரும்பினாள். லிமாக்காவும் அங்கே நின்றாள், அவள் வாயில் இன்று சிரிப்பில்லை. "இந்தக் கைக்காரி எனக்கு முடியல அண்ணின்னு சொன்னா. அசதின்னேன். எனக்குத் தொப்பி கெடச்சுது, இவருக்குப் பேரு கெடச்சுது, கோயிலுக்குக் குடம் தூக்க ஆள் கெடச்சுது. அவளுக்கு மட்டும் ஒரு டாக்டர் கெடைக்கல. அப்புறம் இவர் அரைகுறையாச் சொன்னத நம்பி, நானே கண்டதையும் காய்ச்சிக் குடுத்துப் புள்ளையச் சாகப் பாத்தேன். மருந்து வருதுன்னு எவன் சொன்னாலும் முழுசாக் கேளுங்க. பாதியில கைதட்டாதீங்க."

செயபாட்டா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெண்கள் எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

மாதூசோ படத்தைத் திருப்பி அவர்களுக்குக் காட்டினாள்.

"இது சுத்தம் இல்ல, நோவு. நோவக் கண்டா வைத்தியம் பாக்கணும். நாம கைதட்டினோம். அவ தோல உரிச்சது அந்த நோவு மட்டும் இல்ல, நம்ம கைதட்டலும்தான்."

படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஸ்டூலிலிருந்து இறங்கினாள். பச்சைத் தொப்பியைக் கழற்றி மேனேஜர் கையில் வைத்தாள்.

"கழுவுங்கடி," என்றாள், போகும்போது. "ஒரு தடவை. போதும்."